அக்கா குரலுக்கு ஒரு ரெக்கார்டர்

என் அக்காவின் தொண்டையில் முடிச்சு இருக்கிறது என்று குரோம்பேட்டை டாக்டர் சொன்ன அன்றைக்கே என் வீட்டுக்காரரின் மூளையிலும் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. அக்காவுக்காவது ஆபரேஷன் உண்டு. இவருக்கு எந்த டாக்டரிடம் போவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அக்கா மீன் விற்கிறவள். கோவளத்துக்குச் சற்று வடக்கே, கடலைப் பார்த்த குப்பம் எங்களுடையது. நான் ஏதோ படித்து, ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, அஸ்தினாபுரத்தில் ஒரு மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அக்கா குப்பத்தை விடவில்லை. விடியும்போது கரையில் மீன் எடுத்து, மொபெட்டின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மேடவாக்கம் வழியாக எங்கள் தெருக்களுக்கு வருவாள். தெருமுனையில் திரும்பும்போதே குரல் கொடுப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு ஏசி போட்டுத் தூங்குகிறவர்கள்கூட எழுந்து வருவார்கள். ஒரு நாள் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தபோது பாதிப் பெட்டி மீன் திரும்பிப் போனது. பெட்டியும் மொபெட்டும் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும். அவளுடைய கடை என்பது அந்தக் குரல்தான்.

அந்தக் குரல்தான் சில மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. மாலையானால் காற்று மட்டும் வந்தது. இழுத்துப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் மூக்கு வழியாகக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல முடிச்சு இருக்கும்மா. எடுத்துடலாம். ஆனா எடுத்த பிறகு கத்தக் கூடாது" என்றார்.

"நான் எங்க டாக்டர் கத்துறேன்? கூவிதானே விக்கிறேன்."

"அதுவும் கூடாது."

"அப்ப மீனு எப்டி டாக்டர் விக்கும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்தேன். குரல் கொஞ்சம் மாறிப் போகலாம் என்றும், எப்படி மாறும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றும், எடுக்காமல் விட்டால் இன்னும் மோசமாகும் என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து மொபெட்டில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "பாப்பா, நாளைக்கு நான் ஊமச்சி மாதிரி தெருல போய் நின்னா எவ வருவா சொல்லு."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. வந்தாலும் காட்ட மாட்டாள். மீன்பிடித் தடைக்காலம் வருகிற சமயத்துக்கு ஆபரேஷனை வைத்துக்கொள்ளலாம் என்று அவளே முடிவு செய்தாள். படகு கடலுக்குப் போகாத மாதங்களில் எப்படியும் வியாபாரம் படுத்துவிடும். "கடலுக்கும் லீவு, தொண்டைக்கும் லீவு" என்றாள்.

குரலைப் பதிந்து ஸ்பீக்கரில் போடலாம் என்ற யோசனை எனக்குத்தான் வந்தது. எங்கள் தெருவில் உப்பு விற்கிற வண்டி, பழைய பேப்பர் எடுக்கிற வண்டி எல்லாவற்றிலும் ரெக்கார்ட் செய்த குரல்தான் ஓடுகிறது. எல்லாம் ஒரே அம்மாள் பேசுவது போலவே இருக்கும். கடையில் ரெடிமேடாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று அக்காவிடம் கேட்டேன்.

"அந்தப் பொம்பள கொரல வச்சிகினு போனேன்னு வையி, எல்லாரும் பழைய பேப்பர எடுத்துகினு வருவாளுங்க. என் கொரலு வேணும்டி."

நியாயம்தான். அன்றைக்கே என் போனில் பதிந்து பார்த்தேன். அக்கா வாயைத் திறந்ததும் போன் கலங்கிப் போனது. சங்கரா மீனைப் பேர் சொல்லி அவள் கூவியது, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து வந்தார். அவர் எழுந்து வந்த விதத்திலேயே இது லேசில் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூர்வீகம் பீர்க்கன்கரணை. ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது நாவலூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தங்கமான மனுஷன். ஆனால் ஒரு பொருள் வாங்க வேண்டும் என்றால் உலகத்தில் அந்தப் பொருளைப் பற்றிப் பேசிய அத்தனை பேரையும் கேட்டு முடித்த பிறகுதான் வாங்குவார். எங்களுக்கு மிக்ஸி கெட்டுப்போய், இவர் நல்ல மிக்ஸி எது என்று ஆராய்ந்துகொண்டிருந்த காலம் முழுக்க நான் பக்கத்து வீட்டில் சட்னி அரைத்துக்கொண்டு வந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்களே வீடு மாறிப் போய்விட்டார்கள்.

"போன் மைக் இந்தச் சத்தத்தைத் தாங்காது. இதுக்குன்னு தனியா ரெக்கார்டர் இருக்கு. வெளியில எடுத்துட்டுப் போய்ப் பதியறது. நான் பாத்துச் சொல்றேன்" என்றார்.

பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஆபீஸ் விட்டு வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் காட்டிலும் மேட்டிலும் அலைந்து சத்தம் பிடிக்கிற வீடியோ. ஒருவர் பனியில் குப்புறப் படுத்து ஆந்தைக்காகக் காத்திருந்தார். இன்னொருவர் எறும்புப் புற்றுக்குள் மைக்கை விட்டார். இவர் என்னைக் கூப்பிட்டு, "எறும்பு நடக்கிறது கேக்குது பாரு" என்று ஹெட்போனை நீட்டினார். அடுப்பில் சாம்பார் பொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க ஆந்தைக்கு வாங்குறீங்களா, அக்காவுக்கு வாங்குறீங்களா?"

"சென்சிட்டிவிட்டி ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

"அங்க எங்க அக்காவுக்கு நாளுக்கு நாள் தொண்டை போய்ட்டிருக்கு. நீங்க வாங்கி முடிக்கும்போது பதியறதுக்குக் காத்துதான் இருக்கும்."

சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வேலை செய்தது. அந்த வாரமே மேற்குத் தாம்பரத்தில் ஒரு கேமராக் கடைக்குக் கூட்டிப் போனார். அதிலும் ஒரு நிபந்தனை. யார் குரலோ அவரே வந்து ஒவ்வொரு ரெக்கார்டரிலும் கூவிக் காட்ட வேண்டுமாம். படித்துப் பார்த்ததை வைத்துப் பணத்தைப் போட முடியாதாம்.

அக்கா வியாபாரத்தை முடித்துக்கொண்டு, முகம் கழுவி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, வரிசையாக கேமரா. நடுவயதுக் கடைக்காரர் மேசை மேல் சின்னதும் பெரியதுமாக ரெக்கார்டர்களை எடுத்து வைத்து, "மேடம், நீங்க எப்பவும் கூப்பிடற மாதிரி கூப்பிடுங்க" என்றார்.

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "பெட்டியில மீனு இல்லியே."

"பரவால்லீங்க, சும்மா ஒரு டெஸ்ட்டுக்கு."

"சும்மால்லாம் கூவ மாட்டேன் சார். இல்லாத மீன இருக்குதுன்னு கூவுனா நாளைக்குப் பெட்டி காலியாத்தான் கெடக்கும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். இது எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு உள்ள கட்டுப்பாடு. பெட்டியில் என்ன இருக்கிறதோ அதன் பெயரைத்தான் வாய் சொல்ல வேண்டும். நண்டு விற்றுத் தீர்ந்ததும் அந்தப் பெயர் வாயிலிருந்து போய்விடும். இல்லாத மீனைக் கூப்பிட்டால் கடலுக்குக் கோபம் வரும் என்பது பேச்சு. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் நான்கூடச் சமையலறையில் மீன் இல்லாதபோது மீன் குழம்பு என்று சொல்லமாட்டேன். எதற்கு வம்பு.

"அக்கா, இது வியாபாரம் இல்லக்கா. மெஷினப் பாக்கறதுக்கு" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார்.

"தம்பி, மெஷினுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமில்ல?"

மறுநாள் காலையில் மீன்பெட்டியோடு வந்தாள். கடைக்காரர் கதவருகில் நின்றுகொண்டு, பெட்டியை வெளியே வைத்துக்கொள்ளலாமே என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். வெளியே ஜிஎஸ்டி ரோடு. பஸ் ஹாரனில் ரெக்கார்டரைச் சோதிக்க முடியாது என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். கடைசியில் தரையில் பேப்பரை விரித்து, பெட்டியை உள்ளே வைத்து, ஏசியைக் கூட்டினார்கள்.

முதலில் ஒரு குட்டி ரெக்கார்டர். தீப்பெட்டி மாதிரி. அக்கா "சங்கரா" என்று ஆரம்பித்ததும் அதன் விளக்கு சிவப்பாகி அப்படியே நின்றுவிட்டது. "இது மீட்டிங் பேசறதுக்கு மேடம்" என்று கடைக்காரர் அதை எடுத்து உள்ளே வைத்தார். இரண்டாவது அக்கா குரலைத் தாங்கியது. ஆனால் ஏசி சத்தத்தையும், பக்கத்துக் கடை ஷட்டரையும், என் வீட்டுக்காரரின் மூச்சையும் சேர்த்துப் பிடித்தது. மூன்றாவதன் தலையில் இரண்டு மைக் குறுக்கே மடங்கி இருந்தன, நண்டுக் கொடுக்கு மாதிரி. எவ்வளவு சத்தமாகக் கூவினாலும் கிழியாது, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். இவர் அதற்கு ஏதோ பிட் கணக்குச் சொன்னார். இருவரும் சொந்தக்காரர்கள் மாதிரி பேச ஆரம்பித்தார்கள்.

"பேசி முடிச்சீங்களா? ஐஸு கரையுது" என்றாள் அக்கா. அப்புறம் இடுப்பில் கை வைத்து, தலையை நிமிர்த்தி, நிஜமாகவே கூவினாள். தெருவில் கேட்டுப் பழகிய எனக்கே அந்த நாலு சுவருக்குள் உடம்பு சிலிர்த்தது. கேமராப் பெட்டிகளின் கண்ணாடி அதிர்ந்தது. மாடியில் பல் டாக்டர் கிளினிக் உண்டு. அங்கிருந்து ஒரு பெண்மணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து, வாயில் பஞ்சோடு, "நண்டு இருக்கா?" என்று கேட்டாள். பின்னாலேயே கிளினிக் நர்ஸ் வந்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்து திறந்து மூடி ஏசி வீணானது. கடைக்காரரும் ஒரு கூறு சங்கரா எடுத்துக்கொண்டார். எந்த ரெக்கார்டர் என்று அதற்குமேல் யாரும் யாரையும் கேட்கவில்லை. கொடுக்கு வைத்ததைக் கட்டிக் கொடுத்தார். காற்றுச் சத்தம் விழாமல் இருக்க மைக்குக்கு மாட்டுகிற ரோமத் தொப்பி ஒன்றையும் இனாமாகப் போட்டார்.

"இன்னாடி இது, செத்த பெருச்சாளி மாதிரி கீது" என்றாள் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் படுக்கையறையை இவர் ஸ்டூடியோ ஆக்கினார். ஜன்னலுக்கு ரஜாய், கதவுக்கு என் பட்டுப்புடவை, சுற்றிலும் தலையணை. அக்கா மீன்பெட்டியோடு உள்ளே போனாள். ஐஸ் தண்ணீர் கட்டிலுக்கு அடியில் ஓடியது. இவர் விரலை உயர்த்தி, கூவச் சொல்லிச் சைகை காட்டினார்.

அக்கா பீரோவைப் பார்த்தாள். பீரோவும் அவளைப் பார்த்தது. "கிழங்கா... நெத்திலி..." என்றாள். கேட்டால், தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் தாமதமாக வரும் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

"அக்கா, தெருவுல கூவற மாதிரி."

"தெருல ஆளு கீது தம்பி. இங்க பீரோதானே கீது. பீரோ மீன் வாங்குமா?"

சரி, தெருவுக்கே போவது என்று முடிவானது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் வேறு வேலை இல்லை. காலையில் அக்கா மொபெட்டில் முன்னால் போவாள். இவர் ஸ்கூட்டரை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து ரெக்கார்டரை ஒரு கம்பில் கட்டி அவள் பக்கம் நீட்டிக்கொண்டு போவேன். படித்த பெண், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், பெருச்சாளியைக் கம்பில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பூனைகள் வேறு. அக்காவின் பெட்டிக்காக வருகிற பூனைகள், அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நீண்டிருந்த ரோமத் தொப்பியைக் கண்டு குழம்பின. நாலைந்து நாளில் அதில் மீன் வாடை ஏறிவிட்டது. ஒரு கடுவன் பூனை எம்பிப் பிடுங்கிக்கொண்டு மதில் ஏறியது. இவர் செருப்பைக் கழற்றிவிட்டு மதிலேறப் பார்த்தார். பிறகு என் பழைய குல்லாய் ஒன்றை வெட்டித் தைத்து மாட்டினேன்.

அன்றன்று பெட்டியில் இருக்கிற மீனைத்தான் பதிய முடியும். சங்கராவும் நெத்திலியும் சுலபமாகக் கிடைத்தன. கடம்பா வர நாளானது. ஷீலா மீன் வருமா வராதா என்று இவர் ஆபீசிலிருந்து போன் செய்து கேட்பார். பீர்க்கன்கரணையில் பிறந்து, ஏரிக் கெண்டையைத் தவிர வேறு மீனை அறியாத மனுஷன், இப்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, காணாங்கத்தை எப்போது ஏறும் என்றெல்லாம் அக்காவிடம் விசாரித்தார். அந்த வெளிநாட்டுக்காரர் ஆந்தைக்குக் காத்திருந்தது வீண்போகவில்லை.

ஆனால் அக்காவோடு ஒரே தகராறு. அவளால் மீன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. "சங்கரா, சங்கரா, கண்ணப் பாத்து வாங்கும்மா சங்கரா... பாப்பா, வெயில்ல நிக்காதடி, முந்தானையப் போத்திக்க... எறா கீது எறா..." என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கலந்து அடிப்பாள். வாடிக்கைக்காரர்களை வைவாள், என்னைச் சீண்டுவாள், இவரைப் பார்த்து, "இன்னா தம்பி, கம்பத் தூக்கிகினு வந்துட்ட, காவடியா?" என்பாள்.

"அக்கா, மீன் பேரு மட்டும்" என்று இவர் தலையில் அடித்துக்கொள்வார்.

"பேருக்கு நடுவுல மூச்சு வுடணுமில்ல? மூச்சு வுடறப்ப நாலு வார்த்த பேசினா இன்னா?"

வவ்வால் மீன் மட்டும் அகப்படாமல் இழுத்தடித்தது. அவள் குரலும் தேய்ந்துகொண்டே வந்தது. தடைக்காலத்துக்காகப் படகுகள் கரையேறுவதற்கு முந்தின காலையில் பெட்டியில் வவ்வாலோடு வந்து நின்றாள். அது மட்டும் நன்றாகப் பதிய வேண்டுமே என்று கம்பை இன்னும் கிட்டே நீட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு கூவினாள். முழுசாக வந்தது. எனக்கு அந்த நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கையில் கம்பு இருந்ததால் முடியவில்லை.

அதன் பிறகு இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுத்தம் செய்ய உட்கார்ந்தார். நாய்க் குரைப்பு, ஸ்கூட்டர், கோவில் மைக், பேரம், சிரிப்பு, வசவு எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, ஒவ்வொரு மீனையும் தனித்தனியாக எடுத்தார். நெத்திலியின் பின்னால் ஒரு விமானம் இறங்குகிறது. கடம்பாவின் நடுவில் யார் வீட்டுக் குக்கரோ விசிலடிக்கிறது. அந்த இரண்டை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மற்றதெல்லாம் பளிங்கு மாதிரி இருந்தது. முகமெல்லாம் பூரிப்பாக என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். நானும் பூரித்துப் போனேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் பேசக் கூடாது என்றார். அக்கா பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. பாத்திரத்தால் பேசினாள். கோபம் வந்தால் மூடியைத் தட்டுவாள், ரொம்பக் கோபம் வந்தால் குடத்தை உருட்டுவாள். அவள் புருஷன், எங்கள் மாமா, கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "கண்ணாலம் ஆனதுலேந்து இப்பத்தான்மா வூட்ல ஃபேனு சத்தம் கேக்குது" என்றார். உள்ளேயிருந்து குடம் உருண்டது.

தடைக்காலம் முடிந்து மறுபடியும் பெட்டி கட்டினாள். மொபெட்டின் முன்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர். அன்றைக்கு என்ன மீனோ அந்தப் படத்தைப் போனில் தொட்டால் அந்தப் பெயர் மட்டும் ஒலிக்கும்படி இவர் செய்து கொடுத்திருந்தார். இல்லாத மீனை மெஷின்கூடக் கூப்பிடாது. முதல் நாள் நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் தெருமுனையில் நின்றேன். அக்காவின் குரல் திரும்பி வந்தது. கதவுகள் திறந்தன. கடம்பா வந்த நாளில் ஒரு வீட்டம்மாள் விசில் கேட்டு அடுப்பை அணைக்க உள்ளே ஓடினாள். நெத்திலி என்றால் தெருவே அண்ணாந்து பார்த்தது. பெட்டி காலியாகத்தான் வீடு திரும்பினாள். எனக்கு நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி.

கொஞ்சம் பேசலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவளுடைய புதுக் குரலைக் கேட்டோம். தணிவாக, பாதி காற்றாக, ஆண் குரல் மாதிரி ஒரு கரகரப்போடு வந்தது. போகப் போகச் சரியாகும் என்றார்கள். வலி இல்லை, முடிச்சு இல்லை, அது போதாதா என்று நானும் சொன்னேன். மூன்றாவது மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி மீன் வாங்குகிற அம்மாள் ஒருவர் உண்டு. அக்காவின் முகத்தைச் சரியாகப் பார்த்ததே கிடையாது. அக்கா கீழேயிருந்து விலை சொன்னதும் அவர், "யாருப்பா அது? எப்பவும் வர்ற அம்மா எங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்கா இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு தெருவில் வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள். கூப்பிடுவதை ஸ்பீக்கர் பார்த்துக்கொண்டது. விலைக்கு விரலைக் காட்டினாள். எங்கள் வீட்டு வாசலில்கூட ஹாரன்தான் அடித்தாள்.

ஒரு சாயங்காலம் குரோம்பேட்டை மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். அக்கா டாக்டரைப் பார்க்க வருகிற நாள் என்பது நினைவில் இல்லை. பின்னால் யாரோ "பாப்பா" என்று கூப்பிட்டார்கள். யாரோ ஒரு ஆள் தன் குழந்தையைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மறுபடியும் "பாப்பா" என்று கேட்டது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் பலூனோடு நின்றிருந்தாள். பாவம், அப்பா கூப்பிடுவதுகூடக் காதில் விழாமல் நிற்கிறதே என்று அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தேன். கீரைக்காரியிடம் கட்டு சின்னதாக இருக்கிறது என்று பேரம் பேசினேன். அப்புறம் முதுகில் ஒரு கை விழுந்தது.

திரும்பினால் அக்கா.

"எத்தினி வாட்டி கூப்புடுறேன்" என்றாள். சண்டைக்காகச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"தெரியலக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல. பிறந்ததிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறவள் கூப்பிட்டு, நான் திரும்பவில்லை. கீரைக்கட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "ஊரு பூரா அந்த மெஷினு கொரலுக்குத்தான் வருது. வரட்டும், பொயப்பு நடக்கணும். நீயும் அதுக்குத்தான் வருவியா?" என்று கேட்டுவிட்டு, பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம், பதிந்தது எல்லாவற்றையும் போடுங்கள் என்றேன். சங்கரா வந்தது. எறா வந்தது. வவ்வால் வந்தது. விமானம் வந்தது, குக்கர் வந்தது.

"அவ என்னைக் கூப்பிட்டது எங்க?"

"எது?"

"பாப்பான்னு கூப்பிட்டாளே. வெயில்ல நிக்காதன்னு சொன்னாளே. தினமும் சொன்னாளே."

இவர் ஹெட்போனைக் கழற்றினார். "அது... தேவையில்லாததுன்னு எடுத்துட்டேன். மெமரி கார்டையும் அழிச்சிட்டேன். மீன் மட்டும் போதும்னுதானே..."

என் கல்யாண வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டோம். அதில் அக்கா வாயை அசைத்து அசைத்து என்னவோ சொல்கிறாள். எல்லாவற்றின் மேலும் நாதஸ்வரத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். நான் போனில் பதிந்ததையும் இவர் தகரச் சத்தம் என்று அப்போதே அழித்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். ஆனால் மனுஷன் அழுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் தெருமுனையில் மொபெட் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்பீக்கர் ஓடவில்லை. எங்கள் வாசலில் வண்டி நின்றது. ஹாரன் அடிக்கவில்லை.

"பாப்பா" என்று அந்தக் கரகரத்த குரல் கேட்டது.

நான் பால்கனிக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். என் வீட்டுக்காரர் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு, வேட்டி தடுக்க ஓடி வந்தார். "பதியட்டுமா?" என்று கிசுகிசுத்தார்.

"பதிங்க. ஒரு துண்டு வெட்டினீங்க, கைய ஒடிச்சிடுவேன்."

அவர் கைப்பிடிச் சுவர்மேல் ரெக்கார்டரை வைத்துவிட்டு நகர்ந்தார். கீழே மறுபடியும் "பாப்பா" என்றாள். நான் அசையவில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன். காற்று கலந்து, பாதியில் உடைந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி வந்தது. பிறகு அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அங்கியேதான் நின்னுகினு கீறியா? காது கேக்குதா இல்லியாடி?"

"கேக்குதுக்கா" என்றேன். "இன்னொரு வாட்டி கூப்புடு."